பேய் பங்களா பார்க்கப் போன காதுக்காரர்

உயிரே போனாலும் அந்த அறையை விட்டுக்கொடுப்பதில்லை என்று காதுக்காரர் முடிவெடுத்தார். முடிவெடுத்த இடம் குளியலறை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அந்த வீட்டில் அவர் தைரியமாக முடிவெடுக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

காதுக்காரர் என்றால் காது குத்துகிறவர் இல்லை. காது கேட்காதவர்களுக்கு மெஷின் பொருத்துகிறவர். கெட்டுப்போன மெஷின்களைப் பழுது பார்க்கிறவர். கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை. வருகிறவர்களைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, "கேக்குதா? இப்ப கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பது அவர் தொழில். ஊருக்கெல்லாம் காது கொடுக்கிறவர், மனைவி பேசும்போது மட்டும் காது கொடுப்பதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பியவள் மனைவிதான்.

அவள் திரைச்சீலை தைப்பவள். அந்த வட்டாரத்து ஜன்னல்களில் பாதி அவள் தைத்த துணியால்தான் மானத்தை மறைத்துக்கொண்டிருந்தன. தையல் மெஷின் கிடந்தது சமையலறைக்குப் போகும் நடையில். சாம்பாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் மெஷினைத் தாண்டித்தான் வரவேண்டும். துணியை நீளமாக விரித்து வெட்ட இடமே கிடையாது. கட்டிலில் விரிப்பாள், கூடத்தில் விரிப்பாள். ஒருமுறை அசந்து தூங்கிக்கொண்டிருந்த காதுக்காரர் மேலேயே விரித்து வெட்டிவிட்டாள். எழுந்து பார்த்தபோது கத்தரி மூக்குக்கு நேரே வந்துகொண்டிருந்தது.

இத்தனைக்கும் வீட்டில் இன்னொரு அறை இருந்தது. அது காதுக்காரரின் படம் பார்க்கும் அறை. ஜன்னலில் கறுப்புத் துணி, சுவரில் பெரிய டிவி, நடுவில் ஒரு நாற்காலி, மடியில் ஒரு தலையணை. ஓடுவது பேய்ப்படம். பேய்ப்படத்திலும் எல்லாப் பேயும் அவருக்கு ஆகாது. காட்டுப் பேய், கிணற்றுப் பேய், லிஃப்டில் ஏறி இறங்கும் பேய் எல்லாவற்றையும் அவர் மதிக்கவே மாட்டார். பங்களா வேண்டும். வளைந்து ஏறும் மாடிப்படி வேண்டும். யாரும் போகக்கூடாத ஓர் அறை வேண்டும். பேய் வரும் நேரத்துக்குத் தலையணை தானாக முகத்துக்கு ஏறிவிடும் என்பதால், இத்தனை வருடத்தில் அவர் எந்தப் பேயின் முகத்தையும் முழுதாகப் பார்த்தது கிடையாது. வீட்டைத்தான் பார்த்திருக்கிறார். அந்த வீடுகள் மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. தான் குடியிருக்கும் வீட்டில் கதவுகூடக் கிரீச்சிடுவதில்லை, இதெல்லாம் ஒரு வீடா என்று அலுத்துக்கொள்வார்.

அன்று காலை மனைவி வாயைத் திறந்தாள்.

"என்னங்க, அந்த ரூமை எனக்குக் குடுத்துடுங்க. பெரிய ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு. வெட்ட இடமில்ல."

"எந்த ரூமை?"

"இருக்கறதே ரெண்டு ரூம். ஒண்ணுல தூங்கறோம். இன்னொண்ணுல நீங்க அலறீங்க."

"நான் எங்க அலறினேன்? அது படத்துல அலறுறது."

"படத்துல அலறுறது பொம்பளை. அவ முடிச்சதும் ஒரு ஆம்பளைக் குரல் கேக்குமே, அது யாராம்?"

காதுக்காரர் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்விட்டார். மேலே சொன்ன முடிவு அங்கே பிறந்தது. முடிவோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பார். ஒரு திட்டமும் கூடவே பிறந்துவிட்டது.

தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தவர் வள்ளலாகி நின்றார்.

"ஒரு ரூம் என்ன பிசாத்து ரூம்? உனக்கு ஒரு பங்களாவே எடுத்துத் தரேன்."

"பங்களாவா?"

"ரயில்வே கேட் தாண்டி இருக்கே, ரொம்ப நாளா பூட்டிக் கிடக்கற பங்களா. வாடகைக்கு விடறாங்களாம். எந்த ரூம்ல வேணும்னாலும் நீ துணி வெட்டிக்க. நம்ம ரெண்டு பேரும் அங்கயே போயிடலாம்."

அந்த பங்களாவைப் பற்றி ஊரில் பேசாத பேச்சில்லை. அந்தப் பக்கமாகப் போகிறவர்கள் நடையை எட்டிப் போடுவார்கள். பெயரைக் கேட்டதுமே மனைவியின் முகம் வெளிறும் என்று காதுக்காரர் எதிர்பார்த்தார். அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் வெளிறவில்லை.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் போய்ப் பாக்கலாமே" என்றாள்.

வெளிறாவிட்டால் என்ன, வெளிறவைத்தால் போகிறது. அன்றே வீட்டுத் தரகரைக் கடைக்கு வரவழைத்தார். இடுப்பில் எந்நேரமும் சாவிகள் குலுங்குவதால் தரகருக்கு ஊர் வைத்த பெயர் சாவிக்கொத்து. சாவிக்கொத்தின் அப்பாவுடைய காது மெஷினை உட்காரவைத்தே சரிசெய்து கொடுத்துவிட்டு, காதுக்காரர் விஷயத்துக்கு வந்தார்.

"எங்களுக்கு முன்னாடியே நீ போய் மாடியில நின்னுக்க. வாசக் கதவைத் திறந்தே வை. நான் கீழ இருந்து, 'என்ன அமைதியான வீடு!'னு சத்தமா சொல்லுவேன். உடனே நீ எதையாவது தரதரன்னு இழு. அப்புறம் நட. அப்புறம் தட்டு. எங்க வீட்டம்மா பயந்து என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'இந்த வீடும் வேணாம், அந்த ரூமும் வேணாம், இருக்கறதே போதும்'னு சொல்லணும். அதோட உன் வேலை முடிஞ்சுது."

சாவிக்கொத்து இடுப்புச் சாவிகளைக் கையால் பொத்திக்கொண்டான்.

"சார், மேல நான் மட்டும்தானா?"

"பின்ன? கூட்டமா போய் நின்னா பேய்னு யாருய்யா நம்புவா?"

ஞாயிறு மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு நின்றது. வெயில் இல்லை, மழையும் இல்லை. படத்துக்கென்று ஏற்பாடு செய்ததுபோல் இருந்தது. பங்களாவின் இரும்பு கேட்டைத் தள்ளியபோது அது முனகியது. காதுக்காரருக்குப் புல்லரித்தது. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். வரிசையாகப் பெரிய பெரிய ஜன்னல்கள், ஒன்றிலும் திரை கிடையாது. உள்ளே இருந்து யாரோ பலபேர் கண்ணைக் கொட்டாமல் தன்னையே பார்ப்பதாக அவருக்குத் தோன்றியது. மேலே இருப்பது சாவிக்கொத்துதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொன்ன பிறகு கால் நகர்ந்தது.

சொன்னபடி கதவு திறந்திருந்தது. உள்ளே பெரிய கூடம். பூட்டிக் கிடந்த வீட்டுக்கே உரிய புழுங்கின வாடை. கூடத்தின் கோடியில், அவர் ஆயுள் முழுக்கத் திரையில் பார்த்த அதே வளைவோடு, மாடிப்படி. பாதி வரைக்கும் தெரிந்தது. மீதி இருட்டில் போய்ச் சேர்ந்தது. வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது அந்த வளைவு அழகாக இருந்தது. நேரில் பார்த்தால் வளைவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் போலிருந்தது.

மனைவி துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அளவு நாடாவை எடுத்து, நேராக முதல் ஜன்னலுக்குப் போனாள்.

"என்னம்மா பண்றே?"

"ஜன்னலைப் பாத்தா கை சும்மா இருக்குமா? நீங்க பாட்டுக்கு வீட்டைப் பாருங்க."

காதுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "என்ன அமைதி..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அதற்குள் மாடியில் எதையோ தரதரவென்று இழுக்கும் சத்தம் கேட்டது.

சாவிக்கொத்து முந்திக்கொண்டான் என்று நினைத்தார். இருந்தாலும் சத்தம் அருமையாக வந்திருந்தது. மனைவி ஓடிவருவாள் என்று கையைச் சற்று நீட்டி வைத்துக்கொண்டார், பிடிப்பதற்கு வசதியாக.

"எலியா இருக்கும்" என்றாள் அவள், நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எலி இப்படியா இழுக்கும்?"

"பெரிய எலியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறை ஜன்னலைப் பார்க்க உள்ளே போய்விட்டாள். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

மேலே நடக்கும் சத்தம். இரண்டடி நடப்பதும் நிற்பதும், மறுபடி நடப்பதும். பிறகு டொக், டொக் என்று தட்டுவது. பார்க்க ஆளில்லாத இடத்தில் எதற்கு வேலையை வீணாக்குகிறான் என்று எரிச்சலோடு காதுக்காரர் படியடிக்குப் போய், ரகசியக் குரலில், "ஏய், போதும்ப்பா, கொஞ்சம் நிறுத்து" என்றார். டொக், டொக். "நிறுத்துன்னு சொல்றேன்ல?" டொக். தரதர. காசு கொடுத்துக் கூப்பிட்ட நடிகர்கூட இவ்வளவு உயிரைக் கொடுக்கமாட்டார்.

அப்போது கேட் முனகியது. திரும்பிப் பார்த்தார். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு, இடுப்பில் சாவி குலுங்க, வேர்த்து விறுவிறுத்து வந்துகொண்டிருந்தான் சாவிக்கொத்து.

"மன்னிச்சுக்குங்க சார். டயர் பஞ்சர். இப்பதான் வரேன். மேல போயிடட்டுமா?"

தலைக்கு மேல் எதுவோ தரதரவென்று கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது. இரண்டு பேருடைய கண்ணும் கூரையோடு சேர்ந்து போய்த் திரும்பின.

"மேல யாரு சார்?"

"நீ."

"நான் இங்க இருக்கேன் சார்."

"அதான்யா நானும் கேக்கறேன். நீ இங்க இருந்தா அங்க யாரு?"

"சார், வண்டி தனியா நிக்குது" என்று சொல்லிவிட்டு சாவிக்கொத்து கேட்டுக்கு ஓடினான். ஓடினவன் கேட்டுக்கு வெளியே போய்த்தான் நின்றான்.

காதுக்காரர் கேட் பக்கம் திரும்பினார். ஓடத்தான் நினைத்தார். உடம்பில் மற்றதெல்லாம் தயாராகத்தான் இருந்தது, கால் மட்டும் ஒத்துழைக்கவில்லை. படி வளைவைப் பார்த்தபடி, "யாரது?" என்றார். பதிலில்லை. "யாருன்னு கேக்கறேன்?" அதற்கும் பதிலில்லை. அப்புறம் வாயில் வந்தது பழக்கதோஷம்.

"கேக்குதா?" என்றார். "இப்ப கேக்குதா?"

மேலே இருந்ததற்குக் கேட்கவில்லை. அது பாட்டுக்குத் தட்டியது. மனுஷன் என்றால் கூப்பிட்ட குரலுக்குத் திரும்புவான், காது கேட்காதவன்கூட எப்போதாவது நிறுத்துவான். இது நிறுத்தவில்லை. தன்னை ஒரு பொருட்டாகவே நினைக்காத அந்தத் தட்டல்தான் அவரை முழுதாக நம்பவைத்தது. ஊர் சொன்னதெல்லாம் உண்மை. பாழாய்ப்போன ஓர் அறைக்காக, விளையாட்டு என்று நினைத்து, கட்டினவளையும் கூட்டிக்கொண்டு வந்து இதன் வாயில் நிறுத்தியிருக்கிறார்.

கட்டினவள்! அவள் உள்ளே தனியாக அல்லவா இருக்கிறாள்?

"ஏம்மா!" என்று கத்தினார். பதிலில்லை. அடுத்த அறைக்கு ஓடினார். அங்கே இல்லை. அதற்கடுத்த அறையின் கதவு, அவர் கைவைக்கப் போகும்போது, தானாகப் படாரென்று சாத்திக்கொண்டது. காற்றுதான். காற்று என்று சொல்ல அப்போது பக்கத்தில் ஆளில்லை. கூடத்துக்கே திரும்பி ஓடிவந்தவரின் கண்ணில் அது பட்டது. முதல் படியில் அவளுடைய துணிப்பை. பை மட்டும் கிடந்தது.

படத்தில் இப்படி ஒரு காட்சி வந்தால் அவருக்கு மேற்கொண்டு நடப்பது அத்தனையும் தெரியும். முதலில் சாமான் கிடைக்கும். பிறகு ஆள் கிடைக்கமாட்டார். அந்தப் படிகளில் ஏறுகிறவனை, "ஏறாதேடா மடையா" என்று நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார். அந்த மடையன் ஏன் ஏறினான் என்று இப்போது புரிந்தது. பேய் வரும் என்ற பயம் ஒரு பக்கம். அவள் இல்லாத வீட்டுக்குத் திரும்பிப் போகவேண்டி வரும் என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது. அது அவருக்கே ஆச்சரியம். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினார்.

வளைவு திரும்பியதும் மாடிக் கூடம் தெரிந்தது. கோடியில் ஒரு ஜன்னல். ஜன்னல் முன்னால் அது நின்றிருந்தது.

வெள்ளை. தலையிலிருந்து தரை வரைக்கும் வெள்ளை. கூரையை எட்டும் உயரம். முகம் இருக்கவேண்டிய இடத்தில் முகம் இல்லை. மெல்ல அசைந்தது. பிறகு ஒரு கை மட்டும் தனியாக வெளியே வந்து, எதையோ தேடியது. காதுக்காரருடைய வலது கை தானாக மடியைத் துழாவியது. தலையணை இல்லை. தலையணை இல்லாமல் அவர் வாழ்நாளில் ஒரு பேயையும் எதிர்கொண்டதில்லை.

அதற்குப் பிறகு அலறியது பெண் குரல் இல்லை.

படிகளில் எதெதைத் தொட்டார், எதெதைத் தாண்டினார் என்று அவருக்கே தெரியாது. கீழே வந்து எதன்மீதோ மோதினார். மனைவி. பின்கட்டுக் குழாயில் கை கழுவிவிட்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்துகொண்டிருந்தாள். அப்படியே அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் போட்ட திட்டத்தில் அவள் பிடிக்கவேண்டிய கை அது.

"நீ இருக்கியா? நல்லா இருக்கியா? மேல போகலியே?"

"பையைப் படியில வெச்சுட்டுக் கை கழுவப் போனேன். எதுக்குங்க இப்படி நடுங்கறீங்க?"

"வா, போயிடலாம். முதல்ல வெளிய வா."

"ஏன், வீடு நல்லாத்தானே இருக்கு. எனக்குப் புடிச்சுப்போச்சு. பேசி முடிச்சுடுவோமா?"

"இந்த வீடு வேணாம்!"

"அப்ப நான் துணியை எங்க வெச்சு வெட்டறது?"

"ரூமை எடுத்துக்க!"

"எந்த ரூமை?"

"என் ரூமை! நம்ம வீட்டு ரூமை!"

"டிவி இருக்கே அங்க?"

"தூக்கிக் கூடத்துல வெச்சுடறேன். கறுப்புத் துணியைக் கழட்டிடறேன். எல்லாத்தையும் நீயே வெச்சுக்க, இங்கிருந்து வா!"

"நாளைக்கு அப்படிச் சொல்லவே இல்லம்பீங்க."

"நான் கேட்டேன்க்கா" என்றது கேட்டுக்கு வெளியிலிருந்து சாவிக்கொத்தின் குரல். "சார் சொன்னது தெருவுக்கே கேட்டுச்சு."

அவளுக்கு அந்தச் சாட்சி போதும். பிறகு படியடிக்குப் போய்க் கைப்பிடிக் கம்பியை ஓங்கித் தட்டினாள். கம்பியின் அதிர்வு மாடித் தரை வரைக்கும் போனது. மேலே தட்டல் நின்றது. காதுக்காரர் மனைவியின் பின்னால் போய் நின்றுகொண்டார். வளைவில் முதலில் ஓர் ஏணி வந்தது. ஏணியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு, தோளிலும் தலையிலும் வெள்ளைத் துணி வழிய, கையில் சுத்தியலோடு ஒரு மனிதர் வந்தார். மனைவியிடம் வேலை பார்க்கிறவர். ஜன்னலுக்குக் கம்பி அடித்துத் திரை மாட்டுவது அவர் வேலை. காதுக்காரரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அடடே, நீங்களா! என் காது மெஷினைக் குடுத்து எத்தனை நாளாச்சு? இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தடிக்கறீங்களே! அது இல்லாம ஒரு மண்ணும் கேக்க மாட்டேங்குது. பக்கத்துல ஒருத்தன் உயிர் போற மாதிரி அலறினாக்கூட எனக்குத் தெரியாது."

காதுக்காரர் திருதிருவென்று விழித்தார். ஒரு பேய் தன்னிடம் ரிப்பேருக்குக் கொடுத்த மெஷினைக் கேட்கும் என்று அவர் பார்த்த எந்தப் படத்திலும் வரவில்லை. அந்த மெஷின் கடையில்தான் கிடந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு நாளும் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, படம் பார்க்க ஓடிவந்திருந்தார்.

"இவர் எதுக்கு இங்க?" என்றார் மெதுவாக.

"பெரிய ஆர்டர்னு சொன்னேனே, எந்த வீட்டு ஆர்டர்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் அவள். "ஜன்னல்ல திரை இல்லாமத்தான் ஊரே இதைப் பேய் பங்களாங்குது, யாரும் குடிவர மாட்டேங்கறாங்கன்னு வீட்டுக்காரம்மா எங்கிட்ட வந்தாங்க. எல்லா ஜன்னலுக்கும் பூப்போட்ட துணி. உள்பக்கம் வெள்ளைத் துணி. மாதிரிக்கு ஒண்ணு மட்டும் மாட்டிப் பாக்கறோம். மீதியை வெட்டத்தான் ரூம் கேட்டேன்."

பூப்போட்ட துணி! காதுக்காரருக்கு அது பேயைவிடக் கொடுமையாகப் பட்டது. உலகத்தில் நேரில் பார்த்த ஒரே ஒரு பேய் பங்களா. அதற்கும் ரோஜாப்பூ போட்டுத் தொலைக்கப்போகிறாள், அதுவும் அவருடைய அறையில் வைத்து வெட்டி.

"அப்ப இந்தச் சாவிக்கொத்து?"

"அவன் பாவம். 'தனியா மாடியில நிக்கச் சொல்றாரு, எனக்கு பயமா இருக்குக்கா'ன்னு வந்து அழுதான். நீ போக வேணாம், மேல எங்க ஆள் இருப்பாரு, நீ சாவகாசமா வந்தா போதும்னு சொல்லி அனுப்பினேன். பஞ்சர் அவனா சேத்துக்கிட்டது."

அன்று சாயங்காலமே டிவி கூடத்துக்கு வந்தது. காதுக்காரரே தூக்கி வந்தார். கறுப்புத் துணி இறங்கிய ஜன்னல் வழியாக அறைக்குள் இத்தனை வருடமாக வராத வெளிச்சம் வந்தது. நடுவில் வெட்டும் மேஜை வந்தது. மூலையில் தையல் மெஷின் வந்தது. ஏணிக்காரருடைய காது மெஷினை அன்றைக்கே சரிசெய்து கொடுக்கவும் வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்து, கூடத்தில் உட்கார்ந்து, போனது போகட்டும் என்று ஒரு படத்தைப் போட்டார். பங்களா வந்தது. வளைந்த படி வந்தது. வழக்கமாக இந்த இடத்தில் சுகமாக ஒரு பயம் வரும். இப்போது மத்தியானம் பார்த்த படியே கண்முன் நின்றது, பேய் வருவதற்கு முன்பே தலையணை முகத்துக்கு ஏறிவிட்டது.

உள்ளே கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. கதவு கொஞ்சம் திறந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"பயமா இருந்தா கதவைத் தட்டுங்க. என் ரூம்லதான் இருப்பேன்."